பகடை சரியானதா? அறுபது முறை உருட்டிப் பாருங்கள்

எத்தனை முறை உருட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 60 போதும். பாதியில் கணக்குப் பார்த்து "இன்னும் பத்து" என்று நீட்டினால் சோதனையே கெட்டுவிடும்.

நல்ல பகடையில் ஒவ்வொரு முகமும் சராசரியாக 10 முறை விழ வேண்டும். 1 முதல் 6 வரை வந்தது 7, 12, 9, 14, 6, 12 என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 10-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டினால் 50. அதை 10-ஆல் வகுத்தால் 5. இதுதான் கை-ஸ்கொயர் மதிப்பு. ஆறு முகத்துக்கு எல்லை 11.07, நல்ல பகடை அதைத் தாண்டுவது நூற்றில் ஐந்து முறைதான். ஆக, 5 வந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பகடை நல்லது என்று நிரூபணமாகிவிட்டதாகவும் அர்த்தமில்லை.

1, 2, 3, 4, 5, 6 என்றே வரிசையாகப் பத்துச் சுற்று வந்தால்? மதிப்பு பூஜ்யம், சோதனையில் அமோக வெற்றி! இந்தச் சோதனை எண்ணிக்கையைத்தான் பார்க்கும், வரிசையைப் பார்க்காது.

வரிசைக்கு ரன்ஸ் டெஸ்ட். நாணயத்தை 100 முறை சுண்டி, பூவும் தலையும் தொடர்ச்சியாக வரும் கூட்டங்களை எண்ணுங்கள் (பூ பூ தலை பூ என்றால் மூன்று கூட்டம்). இரண்டும் ஐம்பது ஐம்பதாக வந்திருந்தால் சுமார் 51 கூட்டம் இருக்கும்; 41-க்கும் 61-க்கும் இடையில் என்றால் கவலையில்லை. சுண்டாமலே கற்பனையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மேல்பக்கம் மாட்டுவார்கள், ஐந்தாறு தலை தொடர்ந்து எழுத யாருக்கும் மனசு வராது.