தாத்தாவின் கூலிக் கதையைப் பதிவு செய்வது எப்படி?

பழைய போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு தாத்தா பக்கத்தில் போய் உட்காருங்கள். "கொத்தடிமையா இருந்தாங்களா?" என்று எடுத்தவுடன் கேட்டால் வாயே திறக்கமாட்டார், "உங்க அப்பா யார் கூட்டிவந்து கப்பல் ஏறினார், அந்தப் பயணக் கடன் எப்போ தீர்ந்தது?" என்று கேட்டால் தானாக வரும்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது, அதற்குப் பிறகு வந்தவர் என்றால் ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியைப் பற்றிக் கேளுங்கள். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு டீ போடுங்கள்.

கைதிகளாக வந்தவர்கள் கதை வேறு, குழப்பாதீர்கள்! 1825 முதல் 1873 வரை இங்கே சிங்கப்பூரில் உழைத்த அவர்கள் கட்டியதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்.

அப்புறம், கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள்.