மாங்கா ஓவியத் தொகுப்பைப் பார்த்துக் கருத்து எழுதும் முறை

ஜப்பானிலிருந்து வரவழைக்கப்படும் ஓவியத் தொகுப்பை ஆளுக்கொன்றாக வாங்குவது, வேலூரிலும் காட்பாடியிலும் உள்ள மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) வாசகர்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. நண்பர் கூட்டத்தில் ஒருவர் வாங்குவார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் பணம் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "செம" என்றோ "ஏமாத்திட்டாங்க" என்றோ எழுதி முடித்துவிட்டால் யாருக்கும் பயனில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லி, அது பிடித்ததா என்பதை அடுத்துச் சொல்வதே சரியான வரிசை.

மாங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வருவது. வார இதழில் வண்ணத்தில் வெளியான தொடக்கப் பக்கங்கள்கூடத் தனி நூலாகும்போது பெரும்பாலும் நிறம் இழந்துவிடும். அந்தப் பக்கங்களையும் அட்டைப் படங்களையும் நிறத்தோடு ஒரே இடத்தில் தருவதற்காகவே ஓவியத் தொகுப்பு வருகிறது. ஆகவே "எல்லாம் ஏற்கெனவே பார்த்த படம்தானே" என்ற முணுமுணுப்பு பாதிதான் நியாயம். சிறுவர் மாங்காவின் தனி நூல் ஏறக்குறைய 11 செ.மீ. அகலமும் 17.5 செ.மீ. உயரமும் கொண்டது, ஏ4 அளவுத் தொகுப்பில் அதே படம் பக்கத்தை நிறைத்து வந்தால், பரப்பில் மூன்று மடங்காகிவிடும். எனவே நூலின் அளவையும், இதுவரை எங்கும் வராத படங்கள் உண்டா என்பதையும் கருத்தின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுங்கள்.

பார்ப்பதற்குக் காலை வேளையே நல்லது. ஆரணிப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதைப் போல, இந்த நூலையும் நேர்வெயில் படாத ஜன்னலோரம் விரித்துப் பார்க்க வேண்டும். வழவழப்பான தாளில் டியூப் லைட்டின் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் பாதிப் படம் தெரியாது. மஞ்சள் பல்பின் கீழ் நீலம் செத்துவிடும். வேலூரின் கத்திரி வெயிலில் உள்ளங்கை வியர்க்காதவர் எவருமில்லை, கறுப்புப் பின்னணிப் பக்கங்களில் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும் என்பதால், கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே பக்கம் புரட்டுங்கள். (ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட கையோடு வருகிறவர் அன்று பார்வையாளராக மட்டும் இருக்கட்டும்.)

முதல் சுற்றில் கதையை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பிடித்த பாத்திரத்தின் தலைமுடியை எடுத்துக்கொள்வோம். 1987-இல் வெளிவந்த காப்பிக் போன்ற ஆல்கஹால் மார்க்கரால் தீட்டியிருந்தால், ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு ஏறிய இடம் சற்று அடர்ந்து தெரியும். நீர்வண்ணமாக இருந்தால், ஈரம் காய்ந்த விளிம்பில் நிறம் திரண்டு மெல்லிய கரை கட்டியிருக்கும். பளபளப்பு காட்டும் வெள்ளைக் கீற்று, தாளின் வெள்ளையை அப்படியே விட்டதா, பிறகு வெள்ளை மையால் இட்டதா என்பதும் கூர்ந்து பார்த்தால் பிடிபடும். கணினியில் வரைகிறவர்கள் இவற்றையெல்லாம் போலச் செய்ய முடியும் என்பதால், பின்பக்கக் குறிப்பில் கருவி பற்றி ஏதும் சொல்லியிருந்தால் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. "அழகான முடி" என்று எழுதுவதைவிட, இவற்றில் ஒன்றை எழுதினால் படிப்பவர் தம் கண்ணாலேயே பார்த்தது போலாகும்.

அச்சைப் பற்றிய புகார்களில் அவசரம் கூடாது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளில் அச்சாகும்போது, திரையில் எரியும் இளஞ்சிவப்பு மங்குவது இயல்பு. சிறப்பு மை சேர்த்தால்தான் அந்தப் பளிச்சைத் தாளில் கொண்டுவர முடியும். அது ஓவியரின் குறையன்று. ஆனால் இரு பக்கங்களில் விரியும் படத்தில் பாத்திரத்தின் முகம் நடுத் தையலுக்குள் போய்விட்டால், அது நூலை வடிவமைத்தவர்களின் தவறுதான். தயங்காமல் பக்க எண்ணோடு எழுதுங்கள்.

நூலின் இறுதியில் ஒவ்வொரு படமும் முதலில் எங்கே, எப்போது வந்தது என்ற பட்டியல் பெரும்பாலும் இருக்கும். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்டினாலே ஓரளவு புரியும். ஆண்டு ஜப்பானியக் கணக்கில், அதாவது பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரோடு இருந்தால், ஹெய்செய் எண்ணோடு 1988-ஐயும், ரெய்வா எண்ணோடு 2018-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள்: ஹெய்செய் 12 என்றால் 2000. ஆண்டு வாரியாக நான்கைந்து படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், கண்கள் சிறுத்ததும் தாடை நீண்டதும் கோடு மெலிந்ததும் தாமாகவே தெரியும். ஒரு தொகுப்பில் இதைவிடச் சுவையான பகுதி வேறில்லை என்பது என் எண்ணம்.

பிறகு எழுத உட்காருங்கள். தம் மனங்கவர்ந்த பாத்திரத்துக்கு இரண்டே படம்தான் என்று கொதிப்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு; அந்த வருத்தத்தை எழுதலாம், ஆனால் அதை நூலின் தரத்தோடு கலக்காமல் தனி வரியாக எழுதுங்கள். கதையின் முடிவைக் காட்டிக்கொடுக்கும் படம் இருந்தால், தொடரை இன்னும் முடிக்காதவர்களுக்காக முன்னெச்சரிக்கை செய்யுங்கள். அட்டையையும் ஒரு படத்தின் சிறு பகுதியையும் மட்டும் ஒளிப்படம் எடுத்துப் பகிர்ந்தால் போதும். முழுப் பக்கங்களையும் பகிர்வது ஓவியரின் உழைப்பில் கைவைப்பதாகும். கருத்தோடு மாறுபடும் நண்பர் இருந்தால், வாட்ஸாப்பில் வாதம் வளர்க்காமல், ஞாயிற்றுக்கிழமை நேரில் அழைத்து, அதே பக்கத்தை அவர்முன் விரித்து வைத்துப் பேசுங்கள்.