பழைய எஞ்சினில் ஆயில் ஃபில்டர் மாற்றியமைப்பு

1962-இல் அறிமுகமான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பி-வரிசை எஞ்சினில், தொடக்க ஆண்டுகளில் ஆயில் ஃபில்டர் முழுதாகக் கழற்றி மாற்றும் தனி உருளையாக வரவில்லை. இரும்புக் கிண்ணத்துக்குள் வடிகட்டும் பகுதியை வைத்து, அடியிலிருந்து ஒரே நீண்ட போல்ட்டால் இறுக்குவார்கள். (நம் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.) இதைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ஆயில் சிந்துவதால், கையால் திருகிப் பொருத்தும் ஃபில்டருக்கான அடாப்டரை (இணைப்புத் துண்டை) பலர் பொருத்துகிறார்கள். இது பயனுள்ள மாற்றமே.

ஆனால் கசிவு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. கிண்ணத்தின் விளிம்பு அமரும் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் இறுகி, உலோகத்தைப் போலவே தோற்றமளிக்கும்; அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதிய வளையத்தை வைத்தால், எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அழுத்தம் தாங்காமல் ஆயில் பீறிட்டு வெளியேறும். எனவே மழுங்கிய முனையுள்ள ஊசியால் பள்ளத்தைச் சுற்றிலும் பொறுமையாகச் சுரண்டி, விளக்கொளியில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அடாப்டர் ஃபில்டரைக் கிடையாகவோ தலைகீழாகவோ நிறுத்துமானால், எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரையே வாங்க வேண்டும். இல்லையெனில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பேரிங்குகள் சில நொடிகள் ஆயிலின்றிச் சுழல நேரிடும். புதிய ஃபில்டரின் வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது தொட்டபின் முக்கால் சுற்று கையால் திருகினால் போதும். எஞ்சின் பற்றாதபடி பற்றவைப்பு (இக்னிஷன்) இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தமானி முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றியபின், இணைப்பை மீண்டும் மாட்டி ஓடவிட்டு, அடாப்டரின் அடியைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.