மருந்தின் பெயர் தெரியாமல் மருந்து சாப்பிடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மிஸ், அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ரெண்டு அட்டை குடுங்க.” மலேசியாவின் பினாங்கில் நான் வேலை செய்யும் பார்மசியில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. எதற்கு என்று கேட்டால் “கொதிப்புக்கு” என்பார்கள். பெயர் தெரியாது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரைகளே எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில், மில்லிகிராம் கணக்கோடு இன்னொரு பெயர் இருக்கும். உடம்புக்குள் போய் வேலை செய்வது அந்த இரண்டாவது பெயருக்குரிய மருந்து. நோர்வாஸ்க் என்றால் உள்ளே அம்லோடிபின். இனிப்பு நீருக்குத் தரும் குளுக்கோபேஜ் என்றால் மெட்ஃபோர்மின். அதே நோய்க்குத் தரும் டயாமைக்ரோன் என்றால் கிளிக்லசைடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் தரும் பிளாஸ்டிக் பையில் பெரும்பாலும் மருந்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். தனியார் கிளினிக்கில் கம்பெனிப் பெயர் வாய்வழக்காகிவிடும். இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லித் தராததால் வரும் தவறுகள்தான் ஆளைப் படுக்கையில் தள்ளுகின்றன.

ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது

ஒரு நாள் மாலை, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகன் தன் அம்மாவோடு வந்தார். கையில் ஒரு மைலோ டின். அம்மாவின் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. டின்னைக் கவுண்டரில் கவிழ்த்தோம். அரசாங்கப் பையில் அம்லோடிபின் 10 மில்லிகிராம். ரப்பர் பேண்டு போட்ட இன்னொரு கட்டில் நோர்வாஸ்க் 5 மில்லிகிராம், தலைசுற்றலுக்காகப் போன வேறொரு கிளினிக்கில் கொடுத்தது. அதற்கும் அடியில், கால் வீக்கத்துக்கென்று மூன்றாவது இடத்தில் எழுதித் தந்த நீர் மாத்திரை.

“ரெண்டும் கொதிப்புக்குன்னு தெரியும் மிஸ். ஆனா நிறம் வேற, பேர் வேற. வேற மருந்துன்னுதான் நெனச்சோம்” என்றார் மகன்.

அம்லோடிபினுக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்ச அளவு. ஆன்ட்டி 15 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் பழக்கமான பக்கவிளைவு. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். அந்த வீக்கத்தைத் தனி நோயாக எண்ணி நீர் மாத்திரை சேர்த்தால் உப்புச் சத்து குறையும், தலைசுற்றல் கூடும், அந்தத் தலைசுற்றலுக்கு இன்னொரு மருந்து வரும். மூன்று இடத்திலும் மருத்துவர்கள் தெரிந்ததை வைத்துத்தான் எழுதினார்கள். மற்ற இரண்டு இடங்களில் என்ன கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மைலோ டின் வீட்டிலேயே இருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியிலும் இதே குழப்பம் வேறு விதமாக வரும். மருந்து சப்ளை செய்யும் கம்பெனி மாறும்போது மாத்திரையின் வடிவமும் நிறமும் மாறிவிடும். பழைய அட்டையில் மிச்சம் இருக்கும். புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் என்று எண்ணி இரண்டையும் சாப்பிடுவார்கள். அம்லோடிபினில் இது நடந்தால் கால் வீங்கும். கிளிக்லசைடில் நடந்தால் சீனி அளவு தடாலென்று இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பலாம்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை மருந்தையும் பையோடு எடுத்துப் போங்கள். கூச்சமே வேண்டாம். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் தரும் பையில் ‘காய்ச்சல் மருந்து’ என்று மட்டும் எழுதியிருந்தால், வாங்கும் இடத்திலேயே பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மிஞ்சிய பழைய மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாரசிட்டமோல் கணக்கு

பனடோல் என்றால் ஆபத்தே இல்லை என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அளவோடு சாப்பிட்டால் உண்மைதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 மில்லிகிராம். சாதாரண 500 மில்லிகிராம் பனடோலில் 8 மாத்திரை. அதற்கு மேல் போகக் கூடாது. ஈரல் கெட்டவர்களுக்கும், தினமும் மது அருந்துபவர்களுக்கும், மெலிந்த முதியவர்களுக்கும் இந்த வரம்பு இன்னும் குறைவு.

சிக்கல் எங்கே என்றால், பனடோலில் இருக்கும் பாரசிட்டமோல் பல வேடத்தில் வீட்டுக்குள் இருக்கும். உபாமோல் என்பதும் பாரசிட்டமோல்தான். திருச்சிக்குப் போய் வந்த சித்தி கொண்டுவந்த டோலோ 650, குரோசின் எல்லாம் அதேதான். கோம்பிஃபிளாமில் 325 மில்லிகிராம் பாரசிட்டமோலோடு 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் சேர்ந்திருக்கிறது. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமோல் உண்டு. மூன்று வேளை இரண்டிரண்டு பனடோல் சாப்பிட்டால் 3,000. இரவில் காய்ச்சல் விடவில்லை என்று இரண்டு டோலோ 650 போட்டால் 4,300. சளி மாத்திரை இன்னும் கணக்கில் வரவில்லை. பாரசிட்டமோல் மிகையானால் முதல் நாள் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். ஈரல் பாதிப்பு தெரியவரும்போது நாள் கடந்திருக்கும். “நல்லாத்தான் இருக்கேன்” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

குழந்தைகளுக்கான பாரசிட்டமோல் சிரப்பில் இன்னும் கவனம் வேண்டும். இங்கே 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும், 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கும். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது பொதுவான ஒரு வேளை அளவு. பத்துக் கிலோ குழந்தைக்கு முதல் வகையில் சுமார் 6 மில்லிலிட்டர். இரண்டாவது வகையில் 3 மட்டுமே. “போன தடவை ஆறுதானே குடுத்தோம்” என்று புட்டியைப் பார்க்காமல் ஊற்றினால் குழந்தை இரட்டிப்பு மருந்தைக் குடித்துவிடும். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். மருந்து கொடுக்கும் சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

டெங்கி ஊரில் வலி மாத்திரை

நம் ஊரில் காய்ச்சல் வந்தால் டெங்கியா என்ற கேள்வி முதலில் எழ வேண்டும். அது தெளிவாகும்வரை போன்ஸ்டான், வோல்டரன், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மருந்துகள் வயிற்றுப் புண்ணையும் ரத்தக் கசிவையும் தூண்டும். மாதவிடாய் வலிக்கு வாங்கி வைத்த போன்ஸ்டானைத் தம்பியின் காய்ச்சலுக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பாரசிட்டமோல் மட்டும், அதுவும் மேலே சொன்ன கணக்குக்குள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் இனிப்பு நீரும் கொதிப்பும் உள்ளவர்கள் இந்த வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கொதிப்புக்குத் தரும் பெரிண்டோபிரில் போன்ற மாத்திரையும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுபவர் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக்கை (வோல்டரனில் இருப்பது) சேர்த்தால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். டயாலிசிஸ் நாற்காலிகளில் நம்மவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதயத்துக்காகக் கார்டிப்ரின் சாப்பிடுபவர்களும் கவனிக்க: அது ஆஸ்பிரின். அதன்மேல் வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும்.

காப்பியிலும் ஜாமுவிலும் ஒளிந்திருக்கும் மருந்து

பெயர் எழுதாத மருந்துதான் எல்லாவற்றிலும் கொடியது. முட்டி வலிக்கு என்று பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் பொடி, மாத்திரை, ஜாமு என்ற மூலிகை மருந்து சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், “பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு” என்பார்கள். சில மாதத்தில் முகம் உருண்டுவிடும், தோல் மெலிந்து கன்றிப்போகும், சீனி அளவு மருந்துக்கு அடங்காது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் அதுவும் ஆபத்து. உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

‘ஆண்மைக் காப்பி’ என்று விற்பவை இன்னொரு வகை. சிலவற்றில் சில்டெனாஃபில், தடலாஃபில் ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. வயாக்ராவில் இருக்கும் அதே மருந்து, அதே இனம். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை வைத்திருக்கும் ஒருவர், இந்தக் காப்பியைக் குடித்த பிறகு அந்த மாத்திரையைப் பயன்படுத்தினால் ரத்த அழுத்தம் உயிர் போகும் அளவுக்குச் சரியலாம். வீட்டாருக்குத் தெரியாமல் குடிக்கும் சமாச்சாரம் என்பதால் அவசரப் பிரிவில் கேட்டாலும் பதில் வராது. ஆண்களே, மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ‘ஏ’ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, ‘எக்ஸ்’ என்றால் கடையில் நேராக வாங்கக்கூடியது, ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏ-வின் (NPRA) இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் அதே பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ வாங்காதீர்கள். காப்பி உணவு என்ற பெயரில் வருவதால் அதற்கு இந்த எண்ணே இருக்காது. எண் இல்லாத ஒன்று நோயைத் தீர்க்கும் என்று சொன்னால் அதுவே போதும் சந்தேகப்பட. இந்தியாவிலிருந்து வரும் பஸ்பங்களுக்கும் இது பொருந்தும். நம் மரபு மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஈயமும் பாதரசமும் கலந்த பஸ்பம் சாப்பிட்டு உடம்பில் விஷமேறியவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் இருக்கின்றன.

ஒவ்வாமை, விரதம், வேறு சில

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவர்கள்கூட ஆக்மெண்டினை வாங்கிப்போவதுண்டு. அதில் இருப்பது அமொக்ஸிசிலின், பெனிசிலின் குடும்பம். ஒவ்வாமை வந்த மருந்தின் பெயரை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்க மருந்தகங்களில் ஒவ்வாமை அட்டை தருகிறார்கள். ஆண்டிபயோடிக்கைச் சீட்டில்லாமல் தர மறுக்கும்போது எங்கள்மேல் கோபப்பட வேண்டாம். 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டப்படி அது மருத்துவர் சீட்டுக்குத்தான். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு அந்த மருந்து வேலையும் செய்யாது.

யூரிக் ஆசிட்டுக்கு அலோபுரினோல் தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த வேளையைச் சாப்பிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது காத்திருக்கும் விஷயமே இல்லை.

தைப்பூசத்துக்கு விரதமிருந்து தண்ணீர்மலை ஏறுபவர்களில் இனிப்பு நீர்க்காரர்கள் நிறையப் பேர். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு கிளிக்லசைடை வழக்கம்போல் இரண்டு வேளை போட்டால் கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குளறும். ஜார்டியன்ஸ் என்ற இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வேறொரு ஆபத்து: பட்டினியிலும் தண்ணீர் வற்றும்போதும், சீனி அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் வயிற்று வலியும் வரும். விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம். விரதத்தைத் தடுப்பதற்காக யாரும் இதைச் சொல்லவில்லை.

மெதுவாகக் கரையும் மாத்திரைகளை, உதாரணத்துக்கு மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர், இடித்துப் பொடியாக்கக் கூடாது. நாள் முழுதும் வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வெளிவந்துவிடும். ஜிடிஎன் மாத்திரையை அதன் கண்ணாடிப் புட்டியிலிருந்து டப்பாவுக்கு மாற்றாதீர்கள், வீரியம் போய்விடும். திறந்து 8 வாரமானால் புதிது வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் எந்த மருந்தும் வேண்டாம், குறிப்பாக இன்சுலின்.

தவறான மருந்தை விழுங்கிவிட்டாலோ, குழந்தை எடுத்து வாயில் போட்டுவிட்டாலோ, விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. தொடர்பு கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 999. அவசரப் பிரிவுக்குப் போகும்போது மிச்சமுள்ள அட்டை, புட்டி, காலிப் பெட்டி எது கிடைத்தாலும் அள்ளி எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது, எத்தனை மணிக்கு என்பதை வழியிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.