தேரூர்க் குளத்திலிருந்து புத்தளம் உப்பளம் வரை: ஒரே காலையில் பறவை பார்க்க

சரணாலயம் என்றதும் வேடந்தாங்கல் மாதிரி வாசல், டிக்கெட், பார்வைக் கோபுரம் என்று எதிர்பார்த்து வராதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூரும் சுசீந்திரமும் வயலுக்குத் தண்ணீர் விடுகிற குளங்கள்தான். பக்கத்தில் ரோடு, படித்துறையில் ஆட்கள், தண்ணீர் முழுக்கத் தாமரை. 2015-ல் கடலோர மணக்குடியையும் சேர்த்துக் காப்பகமாக அறிவித்தார்கள், 2022-ல் சுசீந்திரம், தேரூர் குளங்கள் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. அப்படியும் கன்னியாகுமரி பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "கொக்கு நிக்குது" என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள். வலசைப் பறவைகள் இருப்பது அப்போதுதான். ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பைனாகுலரை ஆட்டி எடுத்துவிடும். ஆனால் நீளவால் இலைக்கோழியை அதன் முழு வாலோடு பார்க்க ஆசைப்பட்டால் அந்த மழைக்காலம்தான் சரி, ஏனென்றால் அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் இருக்கும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண் பறவை, பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

விடியும்போதே தேரூர்க் கரையில் இருக்க வேண்டும். கிழக்குக் கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், எதிர்க்கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் நில்லுங்கள், பைக்கை எடுத்துக்கொண்டு கரையைச் சுற்றிச் சுற்றி வருவதால் ஒன்றும் கிடைக்காது. முதலில் தாமரை இலைமேல் நடப்பதைப் பாருங்கள், அது இலைக்கோழி. கோரைக்குள் நீல உடம்பும் சிவப்பு அலகுமாகத் தலை காட்டுவது தாழைக்கோழி. தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு போல வந்தால் பாம்புத்தாரா. அதன் இறகில் தண்ணீர் ஊறிவிடும், அதனால்தான் பிறகு கட்டையில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காய வைக்கிறது. அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடாவுக்கு அடையாளம் சொல்லத் தேவையே இல்லை.

8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் போதும். சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் ஆப் போட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நீர்ப்பறவைகள் பல வாயே திறக்காது, சத்தத்தை நம்பாமல் அலகையும் காலையும் பாருங்கள்.

வெயில் ஏறியதும் ஒரு சாயா குடித்துவிட்டு மணக்குடிக்கு விடுங்கள். பழையாறு கடலில் சேருகிற இடம், அலையாத்தி மரங்களும் உண்டு. இங்கே பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) திறந்திருக்கிறதா என்று மீன் பிடிக்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள். மணல் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கிவிடும், சேற்றில் மேயும் உள்ளான் பறவைகளுக்கு இரை தேட இடம் இருக்காது. திறந்திருந்தால் சேற்றில் உள்ளான், மேலே ஆலாக்கள் (மீன் பிடிக்கும் கடற்பறவைகள்), செம்பருந்து என்று கண்ணுக்கு வேலைதான்.

அடுத்து, பக்கத்திலேயே இருக்கிற புத்தளம் உப்பளத்தில் நெடுங்கால் உள்ளான்கள் சிவப்புக் காலோடு நிற்கும், சில வருடம் பூநாரையும் வரும். வராவிட்டால் யாரையும் திட்டாதீர்கள். உப்பளம் மற்றவர்களின் வேலைக்களம், வரப்பில் இறங்கும் முன் அங்கே நிற்பவர்களிடம் கேட்டுவிடுங்கள், மிதித்தால் வரப்பு இடியும். தொப்பி, தண்ணீர் கட்டாயம், ஏனென்றால் நிழலே கிடையாது. கூட்டம் மொத்தமாகப் பறக்கிற போட்டோவுக்காகக் கல்லெறிவதும் கை தட்டுவதும் வேண்டாம். டிரோன் வேண்டவே வேண்டாம். கூடு கண்டால் தள்ளி நின்று பாருங்கள், அது இருக்கும் இடத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.