பழைய ஜீப்பை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவது எப்படி? காயிலை அளந்துவிட்டு மாட்டுங்கள்

என்னிடம் இருப்பது 1944 வில்லிஸ் எம்.பி. ஜீப், போர் முடிந்தபின் இராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிகளில் ஒன்று. அமெரிக்காவில் தயாரானபோதே அதற்கு 6 வோல்ட், நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். 6 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு முறையும் கடை கடையாக அலைய முடியவில்லை, மாற்றிவிட்டேன்.

பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். பாயின்ட் (காயிலுக்கு ஓடும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்), பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுவது) மூடி எல்லாம் பழையதே போதும். பாயின்ட் இடைவெளி அதே 0.020 அங்குலம், பிளக் 0.030. தீப்பொறி தரும் பகுதியில் மாறுவது காயில் மட்டும்தான், பேட்டரியின் வோல்ட்டைப் பிளக்குக்கு வேண்டிய அளவு உயர்த்துவது அதுதான்.

நான் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். "12 வோல்ட்" என்று பெரிதாகப் போட்டிருந்த காயிலை வாங்கி மாட்டினேன், முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முப்பது கிலோமீட்டர் போவதற்குள் விட்டு விட்டு ஓட ஆரம்பித்தது. காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மூடியைத் திறந்தால் பாயின்ட் முகம் நீலம் பாரித்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் அதற்கேற்ற மேடுமாக இருந்தது. அந்தக் காயில் வெளியே தனியாக ஒரு ரெசிஸ்டர் போட்டு ஓட்ட வேண்டிய வகை, அதைக் காயிலின் அடியில் பொடி எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.

கணக்கு எளிது. 1.5 ஓம் காயிலுக்கு 12 வோல்ட் நேராகக் கொடுத்தால் 8 ஆம்பியர் ஓடும், பாயின்ட் தாங்காது. 3 ஓம் காயில் என்றால் 4 ஆம்பியர், பழைய 6 வோல்ட்டில் ஓடியதும் ஏறத்தாழ அதுவே. எனவே மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 3 ஓம் இருந்தால் நேராக மாட்டலாம். 1.5 இருந்தால் இன்னொரு 1.5 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், அதுவும் 24 வாட் சூட்டைத் தாங்க வேண்டும், ஆகவே 50 வாட் வகையை வாங்கி இரும்புத் தகட்டில் திருகி வையுங்கள். என்னைக் கேட்டால் 3 ஓம் காயிலே மேல், கூடுதலாக ஒரு இணைப்பு இருந்தால் அது என்றைக்காவது தளரும்.

காயிலின் பிளஸ் முனை சாவியிலிருந்து வரும் ஒயருக்கு, மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. எஞ்சின் ஓடாமல் சாவியைத் திறந்தே வைக்காதீர்கள், பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துவிடும்.

அப்புறம் டைனமோவும் ரெகுலேட்டரும் 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது. பல்புகள் எல்லாமே மாற வேண்டும். பெட்ரோல் கேஜுக்கு வோல்ட் குறைக்கும் சாதனம் ஒன்று போடுங்கள். அம்மீட்டரைத் தொட வேண்டாம், அதற்கு வோல்ட் கணக்கில்லை. பழைய செல்ஃப் மோட்டாரை நான் அப்படியே விட்டிருக்கிறேன், வேகமாகச் சுற்றுகிறது, ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் அழுத்துவதில்லை.

பின்சேர்க்கை: 3 ஓம் காயில் என்று வாங்கியது 3.5 காட்டுகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், என்னுடையது அப்போதே 0.4 காட்டும். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்குக் காலையில் ஓடுகிற வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது. காயில் சரியாக இருந்தால் கன்டென்சரைப் (பாயின்ட் தீய்ந்துபோகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) பாருங்கள், சூட்டில் மட்டும் படுத்துவிடுவது அதற்கு வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் திறந்திருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடலாம்.