படைப் பதிவில் விடுபட்ட பதக்கம்: விண்ணப்பிப்போர் வழக்கமாகத் தவறும் இடங்கள்

அமெரிக்கப் படையிலிருந்து விடைபெறுகிறவர்களுக்குத் தரப்படும் டி.டி. 214 என்ற தாள் 1950 முதல் வழக்கில் இருக்கிறது. ஒருவர் எங்கே, எத்தனை காலம், எந்தப் பணியில் இருந்தார், எவ்வகையில் விடுவிக்கப்பட்டார் என்ற விவரங்களுடன், அவர் பெற்ற பதக்கங்கள் அனைத்தும் அதில் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். இன்றைய படிவத்தில் அது 13ஆம் கட்டம். அதை நிரப்பியவர் பெரும்பாலும் அந்த வீரரை அதுவரை பார்த்தே இராத ஓர் எழுத்தர். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களில், பணிக்காலம் ஐந்து மாதத்துக்கும் குறைவாக மீதமிருந்தவர்களை கலிபோர்னியாவின் ஓக்லண்ட் போன்ற முகாம்களில் விமானத்திலிருந்து இறங்கிய வேகத்திலேயே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கோப்பு வந்து சேர்ந்ததா, மருத்துவமனைக் குறிப்பு அதில் இருந்ததா என்று பார்க்க அன்று யாருக்கும் பொழுதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து மகனோ பேத்தியோ அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, தாத்தா சொன்ன பதக்கம் ஏன் இதில் இல்லை என்று கேட்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

அந்த வேலையில் முதலிலேயே நேரும் தவறு, விடுபட்ட எல்லாவற்றையும் ஒரே வகையாகக் கருதி ஒரே கடிதத்தில் கேட்பது. உண்மையில் விடுபட்ட விருதுகள் மூன்று விதமானவை. ஓரிடத்தில் குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்ததாலேயே தானாகச் சேரும் பதக்கங்கள் ஒரு வகை. ஆணை பிறப்பிக்கப்பட்டு வழங்கப்பட்டும் தாளில் ஏறாமல் போனவை இன்னொரு வகை. தகுதி இருந்தும், பரிந்துரை எழுதப்படாததாலோ எழுதிய பரிந்துரை தொலைந்ததாலோ வழங்கப்படாமலே போனவை மூன்றாவது வகை. முதலிரண்டும் எழுத்தர் திருத்தக்கூடிய பிழைகள். மூன்றாவதைப் பிழை என்றே சொல்ல முடியாது, அது இன்னும் எடுக்கப்படாத ஒரு முடிவு. இதைப் பிரித்தறியாமல் அனுப்பிய விண்ணப்பத்தில், விரைவில் கிடைத்திருக்கக்கூடிய எளிய திருத்தமும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் கோரிக்கையோடு சேர்ந்து முடங்கிவிடும்.

முதல் வகையைப் பலர் அற்பமென்று ஒதுக்குகிறார்கள். அதுவே அதிகம் விடுபட்ட வகை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வியட்நாம் சேவைப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் போர் 17 படையெடுப்புக் காலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் பதக்க நாடாவில் ஒரு வெண்கல நட்சத்திரம் உண்டு, ஐந்து சேர்ந்தால் அவற்றுக்குப் பதிலாக ஒரு வெள்ளி நட்சத்திரம். 1967 டிசம்பரில் சென்று 1968 டிசம்பரில் திரும்பிய ஒருவர், டெட் தாக்குதலை எதிர்கொண்ட காலம் உட்பட ஐந்து காலங்களைத் தொட்டிருக்கிறார். அவருக்கு உரியது வெள்ளி நட்சத்திரம். ஆனால் அவருடைய தாளில் பதக்கத்தின் பெயர் மட்டுமே இருப்பது வெகு சாதாரணம். அதேபோல், வியட்நாம் குடியரசின் வீரச் சிலுவைப் படைப்பிரிவுப் பாராட்டு, அங்கே பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் யாவற்றுக்கும் 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணையால் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே வீடு திரும்பியவரின் தாளில் அது இல்லாதது யாருடைய கவனக்குறைவாலும் அல்ல. தாள் தட்டச்சு செய்யப்பட்ட நாளில் அந்த ஆணையே பிறந்திருக்கவில்லை. ஆகவே, விடைபெற்ற பிறகு என்னென்ன அறிவிக்கப்பட்டன என்று பார்க்காமல், தனக்கு நினைவிருப்பதை மட்டும் கேட்பது கையில் இருப்பதை விட்டுவிடுவதற்குச் சமம். கொரியாவில் 1954 ஜூலை 28க்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கமும் இப்படியே பல பத்தாண்டுகள் கழித்துப் பின்னோக்கி வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் வீரர்களின் குடும்பங்கள் தவறவிடும் ஒன்று இன்னும் வியப்பானது. அந்தப் போரில் காலாட்படைப் போர் வில்லையையோ போர் மருத்துவ வில்லையையோ பெற்ற தரைப்படையினருக்குப் ப்ரான்ஸ் ஸ்டார் (Bronze Star) என்ற பதக்கமும் உண்டு என்று 1947இல் முடிவு செய்யப்பட்டது. ஆனால் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பி வயலிலும் தொழிற்சாலையிலும் இறங்கிவிட்டவர்களில் பலருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்ததே தெரியாது. பழைய விடுவிப்புத் தாளில் அந்த வில்லையின் பெயர் இருந்தால், பதக்கத்தைக் கேட்பதற்கான ஆதாரம் அதிலேயே இருக்கிறது என்று பொருள்.

தகுதி விதியைப் படிக்காமல் கேட்பது

தகுதி இல்லாததைக் கேட்டு மறுப்பு வாங்குவது, தகுதி உள்ளதைக் கேட்காமல் விடுவதைப் போலவே பரவலாக நடக்கிறது. காலாட்படைப் போர் வில்லை அதன் பெயர் சொல்வதுபோலக் காலாட்படையினருக்கானது; காலாட்படைப் பிரிவில், அந்தத் தொழிலில் இருந்துகொண்டு, தரைப்போரில் நேரடியாகப் பங்கெடுத்திருக்க வேண்டும். குண்டுமழையில் நின்ற பீரங்கிப்படை வீரருக்கு அது கிடைக்காது. இதை அநியாயம் என்று நினைப்போர் உண்டு, அதில் நியாயமும் உண்டு, ஆனால் விண்ணப்பம் அந்த வாதத்துக்கான இடமல்ல. மற்றத் துறையினருக்காக 2005இல் கொண்டுவரப்பட்ட போர்ச் செயல் வில்லை 2001 செப்டம்பர் 18க்குப் பிந்தைய நிகழ்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். வியட்நாம் வீரர் அதைக் கேட்டால் மறுப்பு உறுதி.

போரில் காயம்பட்டோருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. காயம் பகைவரின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும், அதற்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பதக்கம். ஏஜென்ட் ஆரஞ்சு நச்சால் வந்த நோய், போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய், வாகன விபத்து, உறைபனியால் கருகிய விரல் ஆகியவை இழப்பீட்டுக்கு வழிவகுக்கலாமே தவிர, இன்றைய விதிப்படி இந்தப் பதக்கத்துக்கு வழிவகுக்காது. வெடிப்பின் அதிர்ச்சியால் மூளைக்கு ஏற்பட்ட காயம், சிகிச்சைப் பதிவு இருந்தால், தகுதி பெறக்கூடும். முன்னாள் படைவீரர் நலத்துறை ஒரு காயத்தைப் பணி தொடர்பானது என்று ஏற்று உதவித்தொகை தருவதைப் பலர் முடிவான சான்றாக இணைக்கிறார்கள். அந்தத் துறை கேட்ட கேள்வி, காயம் பணியின்போது ஏற்பட்டதா என்பதுதான். பகைவரால் ஏற்பட்டதா என்பதை அது கேட்கவேயில்லை.

தீயில் எரிந்தது என்று கைவிடுவது

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியிருந்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீ பற்றியது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடும், 1947 செப்டம்பருக்கும் 1964 ஜனவரிக்கும் இடையே விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில் அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின்வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடும் அழிந்தன. படியெடுத்து வைத்த நகல் எதுவும் இல்லை. கோப்பு தீயில் எரிந்துவிட்டது என்று காப்பகத்திலிருந்து வரும் ஒருவரிப் பதிலைப் பார்த்ததும் விண்ணப்பத்தை மூடிவைத்துவிடுவது, என் கணிப்பில், இந்த விஷயத்தில் நிகழும் மிகப் பெரிய இழப்பு. எரிந்தது தனிநபர் கோப்பு. அவர் பெயர் பதிவான பிற ஆவணங்கள் வேறு இடங்களில் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் (படையின் ஒரு சிறு பிரிவு) நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில், காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவரின் பெயர் அந்தந்த நாளில் ஏறியிருக்கும். கடைசிச் சம்பளச் சீட்டுகள் தப்பியிருக்கின்றன. தீவிபத்துக்கு முன்பே ஒருவர் நலத்துறையிடம் உதவித்தொகை கேட்டிருந்தால், அந்தக் கோப்பில் படைப் பதிவுகளின் நகல்கள் இருக்க வாய்ப்பு அதிகம். வியட்நாமில் பிறப்பிக்கப்பட்ட விருது ஆணைகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவு வாரியாகக் கிடக்கின்றன. ஆனால் இவற்றைத் தேட, கம்பெனியின் பெயரும் மாதமும் தெரிந்திருக்க வேண்டும். எனவே வீட்டில் உள்ள பழைய கடிதங்களின் முகவரியையும், நிழற்படங்களின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

1990களின் நடுப்பகுதிக்குப் பின் தரைப்படையிலிருந்து விடைபெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களின் கோப்புகள் மின்னணு வடிவில் இருக்கின்றன. 2009 முதல் 2016 வரை, சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக் குடியுரிமைக்கு வழிசெய்த மாவ்னி திட்டத்தின் மொழிப்பட்டியலில் தமிழும் இருந்தது. அவ்வழியே சேர்ந்த நம்மவர்கள் பணியில் இருக்கும்போதே விருது ஆணைகளின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, டி.டி. 214இல் கையெழுத்திடும் முன் 13ஆம் கட்டத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

தவறான கதவைத் தட்டுவது

பதிவுத் திருத்த வாரியங்கள் சட்டத்தால் அமைந்த உயரிய அமைப்புகள். சாதாரணக் குடிமை அலுவலர்களே அவற்றின் உறுப்பினர்கள். அங்கே போக டி.டி. 149 என்ற படிவம் வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே வாரியத்துக்கு எழுதுவது வீண், ஏனெனில் கீழ்நிலையில் உள்ள வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும் என்பது அவற்றின் விதி. எஸ்.எஃப். 180 படிவத்தாலோ இ-வெட்ரெக்ஸ் இணையவழியாலோ செயின்ட் லூயிஸ் காப்பகத்தை அணுகி முழுக் கோப்பையும் கேட்டுப் பெறுவதுதான் தொடக்கம். வெறும் டி.டி. 214ஐ மட்டும் கேட்பவருக்கு அதே பிழையுள்ள தாள் திரும்பி வரும். கோப்பிலேயே ஆணை கிடைத்துவிட்டால், உரிய படையின் பணியாளர் அலுவலகம் டி.டி. 215 என்ற திருத்தத் தாளை வழங்கும். வாரியம் வரை போக வேண்டியதே இல்லை. டி.டி. 293 என்ற இன்னொரு படிவத்தோடு இதைக் குழப்புவோரும் உண்டு. அது விடுவிப்பின் தன்மையை மறுஆய்வு செய்யக் கேட்பது, 15 ஆண்டு வரம்புடையது. விடுபட்ட பதக்கத்துக்கு அது வழியல்ல.

மூன்றாவது வகைக்கு, அதாவது வழங்கப்படாமலே போன வீர விருதுக்கு, பாதை வேறு. பரிந்துரைக்கான காலவரம்பு முடிந்த பிறகு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின் பேரில் படைத்துறை அதைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. தன்னைத் தானே யாரும் பரிந்துரைக்க முடியாது. அன்று மேலதிகாரியாக இருந்தவரோ, செயலை நேரில் கண்டவர்களோ எழுத வேண்டும். கர்னல் பாரிஸ் டேவிஸ் 1965 ஜூனில் வியட்நாமின் போங் சோனில் புரிந்த செயலுக்கான பரிந்துரைத் தாள்கள் தொலைந்தன. மீண்டும் அனுப்பப்பட்டவையும் தொலைந்தன. உடன் போரிட்டவர்களும் தன்னார்வலர்களும் சான்றுகளைத் திரும்பத் திரட்டிய பின், 2023 மார்ச் 3 அன்றுதான் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்கு அணிவிக்கப்பட்டது. அவருக்காகப் பேச அன்று உடனிருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். சாட்சிகள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது, முதலில் ஆவணம் கிடைக்கட்டும், பிறகு அவர்களிடம் எழுதி வாங்கலாம் என்று வரிசையை மாற்றிவைப்பது திருத்திக்கொள்ள முடியாத தவறு.

அப்படி எழுதி வாங்கும் கடிதங்களிலும் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. “அவர் சிறந்த வீரர், நல்ல மனிதர்” என்ற பாராட்டு வாரியத்துக்கு உதவாது. எழுதுபவர் அந்த நாளில் எந்த அணியில் இருந்தார், எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தார், காயம் உடலின் எந்தப் பக்கம், யார் கட்டுப்போட்டார், எதில் ஏற்றி அனுப்பினார்கள் என்பனவே எடைபெறும். விண்ணப்பதாரரே ஒரு கடிதத்தை எழுதி மூவரிடம் கையெழுத்து வாங்கினால், ஒரே சொற்றொடர் மூன்று தாள்களிலும் பல்லிளிக்கும். படைத்துறை ஆவணம் சரியானது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. அதை அசைக்கும் சுமை விண்ணப்பதாரருடையது. அக்காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரி மருத்துவக் குறிப்புக்கு, இன்று எழுதும் பத்துப் பக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

பிழையைக் கண்டறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்திடம் வர வேண்டும் என்பது சட்டம். இதைப் படித்துவிட்டு, காலம் கடந்தது என்று விலகிவிடுவோர் ஒருபுறம். காலதாமதத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தை வெற்றாக விட்டு அனுப்புவோர் மறுபுறம். நீதியின் நலன் கருதி அந்த வரம்பைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்கொரு காரணத்தை நாம் எழுதித் தர வேண்டும். பிழை எப்போது, எப்படித் தெரியவந்தது என்று நான்கு வரி எழுதினாலும் போதும். வீரர் இறந்திருந்தால் துணைவர், பிள்ளைகள் போன்றோர் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றையும் உறவுச் சான்றையும் இணைக்காமல் அனுப்பினால் அது அப்படியே திரும்பும். மூல ஆவணத்தை அனுப்பாமல் நகலை அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். தாளில் தாமே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்வது குற்றம்.

மறுப்பு வந்தால், அதே தாள்களை அதே வரிசையில் மீண்டும் அனுப்புவதால் பயனில்லை. மறுபரிசீலனைக்குப் புதிய சான்று வேண்டும்; மறுப்பாணையில் எந்தச் சான்று இல்லை என்று வாரியம் குறிப்பிட்டிருக்கிறதோ அதையே தேட வேண்டும். வாரியங்களின் பழைய முடிவுகள், பெயர்கள் நீக்கப்பட்டு, பொதுவாசிப்புக்குத் திறந்திருக்கின்றன. தன் கோரிக்கையை ஒத்த நான்கைந்து முடிவுகளை முன்கூட்டியே படித்தவர், எந்தத் தாள் அங்கே செல்லுபடியானது என்று தெரிந்துகொண்டே விண்ணப்பத்தை எழுதுவார்.

ஏற்கப்பட்டாலும் புதிய டி.டி. 214 வருமென்று காத்திருக்க வேண்டாம். பொதுவாக வருவது டி.டி. 215 மட்டுமே, பழைய தாளோடு சேர்த்து வைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. பதிவு திருந்திய பின் பதக்கத்தைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். தரைப்படையினருக்குப் பிலடெல்பியாவிலிருந்து வரும், வீரருக்குக் கட்டணம் இல்லை. வியட்நாம் குடியரசு வழங்கிய பதக்கங்களை மட்டும் அமெரிக்க அரசு அனுப்புவதில்லை, அவற்றைத் தனியார் கடையில்தான் வாங்க வேண்டும்.